நான் எழுதி அனுப்பிய வெற்றிக் கதை

இந்த வேலைக்குப் புதிதாக வரும் உங்கள் பணி ஆணையில் ‘பள்ளி செல்லாக் குழந்தைகள் பொறுப்பு’ என்று ஒற்றை வரி ஒன்று இருக்கும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ராயபுரம் பகுதிக்கு ஆசிரியர் பயிற்றுநராக வந்தபோது என் ஆணையிலும் அதே வரிதான் இருந்தது. அந்த வரிக்குள் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஆணையைத் தட்டச்சு செய்தவருக்கும் தெரியாது, வாங்கிக்கொண்ட எனக்கும் தெரியாது. செருப்பு தேய நடந்த பிறகுதான் கொஞ்சம் தெரிந்தது.

கணக்கெடுப்பை எப்படி நடத்துவது, படிவத்தை எப்படி நிரப்புவது, எந்தப் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நன்றாகவே சொல்லித் தருவார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. வீடு இல்லாத பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைக்கும் வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் தவறு ஒரு பெண்ணின் படிப்பையே முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. அதற்குக் காரணமானவர்கள் நான்கைந்து பேர். அவர்களில் ஒருத்திக்கு அப்போது பதினைந்து வயது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு வருடத்தில் அவர்களை நினைக்காத வாரம் இல்லை.

துறைமுகத்துக்குப் போகும் சாலை ஒன்றில் பழைய கிடங்கு இருக்கிறது. அதன் நீளமான சுவரை ஒட்டிய நடைபாதையில் அப்போது பதினோரு குடும்பங்கள் வசித்தன. சுவரில் ஆணி அடித்துக் கட்டிய தார்ப்பாய், அதன் கீழே ஒரு பெட்டி, ஒரு அடுப்பு, சுருட்டிய பாய்கள். நான் பதிவேட்டோடு முதல்முறை போனபோது என்னிடம் பேசிய முதல் ஆள் அஞ்சலை. காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள். விடியும் முன்னே வேலைக்குப் போய் மதியம் திரும்புவாள். மூட்டை இறக்கும்போது கால் முறிந்த கணவர் சாமான்களுக்குக் காவலாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

“இன்னா மேடம், நீயும் எழுதிகினு பூடுவியா, இல்ல திரும்பி வருவியா?” என்று கேட்டாள் அஞ்சலை. எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதிக்கொண்டு மட்டும் போயிருக்கிறார்கள்.

நான் திரும்பிப் போனேன். அவள் மகள் பவித்ராவை எட்டாம் வகுப்பில் சேர்த்தேன். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வரவில்லை, முகவரிச் சான்று இல்லை என்று இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டமே சொல்கிறது என்று நான் எடுத்துக்காட்டிய மூன்றாவது பள்ளியில் தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே, “எனக்குத் தெரியும் மேடம், நீங்க உக்காருங்க” என்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதுதான் அதிகம். தன்னைப் பற்றி எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

பவித்ரா நன்றாகப் படித்தாள். சீருடையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து, அதன் மேல் படுத்தே மடிப்பு எடுப்பாள். வகுப்பில் இருந்தவர்களிடம் தன் வீடு தண்டையார்பேட்டையில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். மாலையில் தோழிகளோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்து போவாள். எல்லோரும் அவரவர் பேருந்தில் ஏறிப் போகும்வரை நின்றுவிட்டு, வந்த வழியே சுவருக்குத் திரும்பி நடப்பாள். இது எனக்குத் தெரியும். சின்னப் பெண் சொல்லும் சின்னப் பொய், யாருக்கு என்ன கெடுதல் என்று விட்டுவிட்டேன். அவள் பள்ளிக்கு வருவதே அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் என்பது எனக்குப் புரியவில்லை.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு வெற்றிக் கதை அனுப்ப வேண்டும், படத்தோடு. இது உங்களுக்கும் வரும். எனக்கு ஒரே சந்தோஷம். யாரைப் பற்றி எழுதுவது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இரண்டு பக்கம் எழுதினேன். பெயர், பள்ளி, எந்தச் சாலை, எந்தச் சுவர், அப்பாவின் கால், அம்மாவின் வேலை, எல்லாம் போட்டேன். எழுதி முடித்து நானே படித்தபோது எனக்கே கண் கலங்கியது. இன்று அந்தக் கண்ணீரை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அலுவலகத்தில் சொல்லிப் படம் எடுக்க ஒரு பத்திரிகை நிருபரும் வந்தார். நல்ல பையன். தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து படிக்கிற மாதிரி இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். பவித்ரா ஒரு நாளும் தெருவிளக்கின் கீழ் படித்தவள் கிடையாது. அந்த இடத்தில் கொசு கடிக்கும், லாரிக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். அவள் பள்ளி விட்ட பிறகு தோழிகளோடு நூலக அறையில் உட்கார்ந்து ஆறு மணிவரை படித்துவிட்டுத்தான் போவாள். ஆனாலும் விளக்கு எரியும்வரை காத்திருந்து, புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்காரவைத்தோம்.

அவளிடம் கேட்டேனா என்றால், கேட்டேன். “ஒரு போட்டோ எடுக்கணும்மா, உனக்கு நல்லது நடக்கும்” என்றேன். அதற்குப் பெயர் கேட்பது என்று அன்று நினைத்திருந்தேன். அவளைப் பள்ளியில் சேர்த்துவிட்டவள் நான். என்னிடம் அவள் எப்படி மாட்டேன் என்று சொல்வாள்? தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா வரட்டும் என்றுகூட அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

செய்தி வந்தது. பத்திரிகையில் அரைப் பக்கம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கணக்கு ஆசிரியர் அதைப் பெருமையோடு வாசித்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று தலைமை ஆசிரியை வேறொரு கூட்டத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் நடந்திருக்காது. பவித்ரா வரிசையில் தலை குனிந்து நின்றாளாம். பிறகு வகுப்புக்குப் போனாளாம். அன்றைக்கு நடந்த கணக்குத் தேர்வைக்கூட முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி மணிவரை இருந்துவிட்டுப் போனாளாம்.

மறுநாள் வரவில்லை.

நான் அந்த நாட்களில் வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் தலைமை ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். “மேடம், பவித்ரா மூணு நாளா வரல. நீங்க போய்ப் பாத்தீங்களா?”

போய்ப் பார்த்தேன். சுவர் மட்டும் இருந்தது. தார்ப்பாய் இல்லை, பெட்டி இல்லை. நடைபாதை முழுக்க வெள்ளையாகப் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தது. எதிரே தேநீர்க் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“பேப்பர்ல போட்டாங்களாமே, மேலேந்து ஃபோன் வந்துச்சாம். நேத்து காலைல கார்ப்பரேஷன்காரங்க வேன் இட்டாந்து எல்லாரையும் ஏத்திகினாங்க. காப்பகத்துல ஆம்பளைங்க ஒரு எடம், பொம்பளைங்க ஒரு எடம்னாங்க. அஞ்சல, ‘கால் நொண்டுற மனுஷன வுட்டுட்டு நான் எங்க போவேன்’னு கத்திச்சு. வேன்ல ஏறாம ஆட்டோ புடிச்சி மூட்டைய ஏத்திகினு மூணு பேரும் பூட்டாங்க. எங்கன்னு தெர்ல.”

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேன் அனுப்பியவர்களும் ஒரு பெண்பிள்ளை தெருவில் இருக்கக் கூடாது என்றுதான் அனுப்பினார்கள். நான் எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியையின் அறையில் உட்கார்ந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, “பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தேர்வுத் துறைக்குப் போயாச்சு மேடம். அவ பேர் அதுல இருக்கு. பரிட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. வருத்தப்படறத அப்புறம் வச்சுக்கலாம். இப்ப அவளத் தேடணும்” என்றார்.

நான் உடனே எழுந்தேன். வகுப்பில் போய்க் கேட்கிறேன் என்றேன்.

“வகுப்புல வேண்டாம். நஸ்ரினத் தனியா வரச் சொல்றேன். நீங்க பேசுங்க, நான் வெளில போறேன்.”

நஸ்ரின், பவித்ராவின் பக்கத்தில் உட்காருகிற பெண். ராயபுரத்திலேயே வீடு; அவள் அப்பாவுக்கு அதே பகுதியில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை. கதவருகிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“பவித்ரா எங்க இருக்கான்னு தெரியுமாம்மா?”

“தெரியும் மிஸ். நேத்து ராத்திரி ஃபோன் பண்ணா. அவ சயின்ஸ் ரெக்கார்டு என்கிட்ட இருக்கு. பத்திரமா வைன்னு சொன்னா.”

“எங்க இருக்கா? சொல்லு.”

அவள் சொல்லவில்லை. மரியாதை குறையாமல்தான் கேட்டாள்: “சொன்னா, அங்கயும் வந்து போட்டோ புடிப்பீங்களா மிஸ்?”

முப்பது வருடப் பணியில் மேலதிகாரிகள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விபோல எதுவும் என்னைத் தலை குனிய வைத்ததில்லை. “இல்லம்மா. இனிமே எடுக்க மாட்டேன்” என்றேன். அது போதவில்லை என்று அவள் முகம் சொன்னது. “நான் பண்ணது தப்பு” என்றேன். அப்புறம்தான் சொன்னாள். எண்ணூரில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குடியிருப்பு. அங்கே அஞ்சலையின் அக்கா வீடு.

“அவ தெருவுல இருக்கான்னு பேப்பர் பாத்துத்தான் உனக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“எட்டாவதுலேந்தே தெரியும் மிஸ். எங்க அத்தா கடைக்கு அந்த வழியாத்தான் போவேன். நான் பாத்தது அவளுக்குத் தெரியாது.”

“ரெண்டு வருஷமா அவகிட்ட ஒண்ணும் சொல்லலியா?”

“அவ சொல்லலியே மிஸ். அவளா சொல்லாதத நான் எதுக்குச் சொல்லணும்?”

அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடவேளை மணி அடித்துவிட்டது என்று ஓடிப்போனாள். என் வேலைக்குத் தேவையான முழுப் பாடமும் அந்த ஒரு பதிலில் இருந்தது. எனக்கு அது தெரிய ஐம்பத்தாறு வயது ஆகியிருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. கிளம்பும் முன் என் பையில் ஒரு படிவத்தை எடுத்து வைத்தேன். பெண்களுக்கான உண்டு உறைவிடப் பள்ளியில் ஓர் இடம். முந்தைய நாள் மாலையே மூன்று பேரிடம் பேசி வாங்கியிருந்தேன். தங்க இடம், சாப்பாடு, பாதுகாப்பு, எல்லாம் இருக்கிறது. இதைக் கொடுத்தால் நான் செய்த தவறு சரியாகிவிடும் என்று என் மனது கணக்குப் போட்டிருந்தது. பேருந்தில் ஏறியபோது தலைமை ஆசிரியை கூப்பிட்டார். படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

“பையிலயே இருக்கட்டும் மேடம். மொதல்ல அவளுக்கு என்ன வேணும்னு கேளுங்க. அவ பதில் சொல்றவரைக்கும் பையத் திறக்காதீங்க.”

எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போலக் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. இரண்டு மணி நேரம் ஆனது. இறங்கி, குழாய்கள் ஓடும் பாதையை ஒட்டி நடந்து, குடியிருப்பைக் கண்டுபிடித்தேன். அக்கா வீட்டின் பக்கச் சுவரில் சாய்த்துத் தகரம் போட்டு ஒரு மறைப்பு. அதன் வாசலில் பவித்ரா உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அஞ்சலை வேலை முடிந்து வந்தாள். கூடையை இறக்கினாள்.

“வந்துட்டியா. இப்ப இன்னாத்துக்கு வந்துகீற? இந்த எடத்தயும் பேப்பர்ல போடவா?”

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“எங்கம்மா என்ன அந்தச் செவுத்தாண்டதான் பெத்துச்சு. நான் வளந்தது, கல்யாணம் கட்டிகினது, இத்தப் பெத்தது எல்லாம் அங்கதான். இத்தினி வருசத்துல ஒருத்தரும் எங்களப் பாத்ததில்ல. பாக்காத வரைக்கும்தாம்மா நாங்க அங்க இருக்க முடிஞ்சுது. நீ எல்லாரையும் பாக்க வச்சிட்ட. எம் பொண்ணு ஸ்கூலுக்கு நிமிந்துகினு போச்சு. இப்ப குனிஞ்சிகினு குந்திகீது பாரு.”

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நல்லதுக்குத்தான் செய்தேன், அலுவலகத்தில் கேட்டார்கள், வேன் அனுப்பியது நானில்லை. ஒவ்வொன்றும் உண்மைதான். எதையும் சொல்லவில்லை. “நான் தப்புப் பண்ணிட்டேன் அஞ்சலை” என்றேன். பவித்ராவின் பக்கம் திரும்பி அவளிடமும் அதையே சொன்னேன். “உன்னைக் கேக்காம உன் விஷயத்த ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். அத நான் பண்ணியிருக்கக் கூடாது.”

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவள். இந்தப் பேச்சு அவளுக்குப் புதிது என்று நினைக்கிறேன். பிறகு மகளிடம், “டீச்சருக்குத் தண்ணி குடு. வெயில்ல நடந்து வந்துகீது” என்றாள்.

அந்தச் செம்புத் தண்ணீருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

தண்ணீர் குடித்த பிறகு பவித்ராவைக் கேட்டேன். “உனக்கு என்ன வேணும்? நான் ஒண்ணும் முடிவு பண்ணிட்டு வரல.” அது முழு உண்மையில்லை, படிவம் பையில் இருந்தது. ஆனால் பையை நான் திறக்கவில்லை.

வெகுநேரம் யோசித்தாள். ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறாள், என்னால் முடியாதது ஒன்றைக் கேட்கப் போகிறாள் என்று பயந்தேன்.

“குளிச்சிட்டு கிளாசுக்குப் போவணும் மிஸ்.”

எனக்குப் புரியவில்லை.

“இங்க காலைல எறா உரிக்கணும். பெரியம்மா வூட்ல சும்மா இருக்க முடியாதில்ல. அப்பால பஸ்ல வந்தா மேல நாறும். பஸ்லயே தள்ளி நிக்கறாங்க. ஸ்கூலாண்ட வந்து குளிச்சிட்டு டிரஸ் மாத்திகினா நான் வருவேன்.” கொஞ்சம் நிறுத்தி, “யாரும் என்ன எழுப்பி நிக்க வச்சிப் பேசக் கூடாது” என்றாள்.

அவ்வளவுதான். விடுதி வேண்டுமா என்று அதன் பிறகு கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். “எங்கப்பாவ யாரு பாத்துக்குவாங்க?” என்றாள். அஞ்சலை, “பொண்ண வுட்டுட்டு நான் இருக்க மாட்டேம்மா” என்றாள். படிவத்தைப் பிறகு வேறொரு பிள்ளைக்குப் பயன்படுத்தினேன். அந்தப் பிள்ளைக்கு விடுதிதான் வேண்டியிருந்தது. அது வேறு கதை. ஒருத்திக்குப் பொருந்தியது இன்னொருத்திக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

பள்ளி வளாகத்திலேயே தொடக்கப் பள்ளியும் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான காலை உணவு வண்டி ஏழு மணிக்கு வரும், அப்போதே வாசல் கதவைத் திறந்துவிடுவார்கள். தலைமை ஆசிரியை ஆசிரியைகளின் குளியலறைச் சாவிக்கு ஒரு நகல் செய்து பவித்ராவிடம் கொடுத்தார். ஒரு வாளியும் சோப்பும் வாங்கி வைத்தார். சீருடையும் புத்தகங்களும் நூலக அறையின் இரும்பு அலமாரியில் இருந்தன. யாராவது கேட்டால் நூலகத்தை அடுக்கி வைக்கும் பொறுப்பு அவளுக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நூலகத்தை உண்மையிலேயே அவளை அடுக்க வைத்தார்.

ஆசிரியர்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி, அவளிடம் அன்பாக நடந்துகொள்ளும்படி கேட்கலாம் என்றேன் நான். தலைமை ஆசிரியை வேண்டாம் என்றார். “எல்லாரும் நல்லவங்கதான் மேடம். ஆனா எல்லாருமாச் சேர்ந்து அன்பா இருந்தா பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிடும். எப்பவும்போல இருக்கட்டும்.”

அவள் திரும்பி வந்த திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. போக ஆசைதான், தடுத்துக்கொண்டேன். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது: அவள் வகுப்புக்குள் வந்ததும் நஸ்ரின் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாளாம். அறிவியல் ரெக்கார்டை எடுத்துக் கையில் கொடுத்து, “ரெண்டு படம் பாக்கி கீதுடி, சீக்கிரம் வரஞ்சிடு” என்றாளாம். வேறு ஒன்றும் பேசவில்லையாம். வகுப்பும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. முதல் பெஞ்சில் ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்ததும், நஸ்ரின் அவளை முறைத்தாளாம்.

கணக்கு ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வீடு மீஞ்சூரில். அந்த வாரத்திலிருந்து அவரும் ஏழே காலுக்கு நூலக அறையில் வந்து உட்கார ஆரம்பித்தார். கையில் செய்தித்தாள். அவள் புத்தகங்களை அடுக்குவாள், அவர் படிப்பார். அவள் ஏதாவது கணக்கில் திணறினால் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொல்லித் தருவார். வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பரிட்சை முடியும்வரை ஒரு நாள்கூட அவர் தாமதமாக வரவில்லை. நான் வாயால் மன்னிப்புக் கேட்டேன். அவர் மீஞ்சூரிலிருந்து தினமும் வந்து கேட்டார்.

பரிட்சை நெருங்கியது. எனக்கு மறுபடியும் கை பரபரத்தது. எண்ணூர் சாலையில் லாரிகள் நின்றால் அவள் தேர்வு மையத்துக்கு எப்படி வருவாள்? தேர்வு நாட்களில் மட்டும் ஒரு வண்டி ஏற்பாடு செய்ய மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தேன். ஒரு இடத்தில் சரி என்றே சொல்லிவிட்டார்கள். ஆனால் அது அலுவலகப் பெயர் எழுதிய வண்டி. அதிலிருந்து அவள் தேர்வு மையத்து வாசலில் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். சரியென்று சொல்லவா வேண்டாமென்று சொல்லவா எனத் தெரியாமல் தலைமை ஆசிரியையிடம் போனேன்.

“வண்டி வேணாம் மேடம்” என்றார். “நஸ்ரின் அம்மா அஞ்சலைகிட்டப் பேசிட்டாங்க. பரிட்சை முடியறவரைக்கும் பவித்ரா அவங்க வீட்டுலதான்.”

யார் சொல்லி இது நடந்தது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. பவித்ரா ஒரு நாள் நஸ்ரினிடம் தானாகவே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நஸ்ரின் தன் அம்மாவிடம் சொல்லட்டுமா என்று அவளைக் கேட்டுவிட்டு, பிறகு சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா காசிமேட்டுக்கே போய் அஞ்சலையைப் பார்த்து, “ரெண்டு பொண்ணுங்களும் ஒண்ணா படிக்கட்டும்மா. எங்க வூட்ல எனக்கு ஒரு தட்டு அதிகம், அவ்ளோதான்” என்றிருக்கிறார்.

அது நோன்பு மாதம். நஸ்ரின் வீட்டில் விடியும் முன் எழுந்து சாப்பிடும்போது பவித்ராவும் எழுந்து அவர்களோடு சாப்பிட்டு, அப்படியே உட்கார்ந்து படித்திருக்கிறாள். நஸ்ரின் நோன்பு வைத்தே தேர்வு எழுதினாள். இருவரும் தேர்வு மையத்துக்கு நடந்தே போனார்கள். கடைசி நாள் நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கூட்டத்தில் இரண்டு பேரும் ஏதோ ஒரு கேள்விக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். என்னைக் கவனிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஐந்நூறுக்கு முந்நூற்று நாற்பத்தொன்று வாங்கினாள். பள்ளியில் முதலிடம் இல்லை, பத்தாவது இடம்கூட இல்லை. அதைப் பற்றி நான் யாருக்கும் எதுவும் எழுதி அனுப்பவில்லை. வருத்தமான ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு வீடு வாங்கித் தர என்னால் முடியவில்லை. மனு எழுதிக் கொடுத்தேன், பின்னாலேயே போனேன். கிடைப்பதாகச் சொன்ன இடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கிருந்து விடியும் முன் காசிமேட்டுக்கு வர முடியாது என்று அஞ்சலை மறுத்துவிட்டாள். பரிட்சை முடிந்ததும் மூவரும் ராயபுரத்துக்கே திரும்பி, பழைய சுவரிலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னொரு சுவரோரம் தார்ப்பாய் கட்டினார்கள். எந்தச் சுவர் என்று சொல்ல மாட்டேன். நம் கையில் இருப்பது பள்ளி மட்டும்தான். அதையாவது அவர்கள் கையிலிருந்து நழுவ விடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியது. மேல்நிலைப் பள்ளி வேறு பள்ளி, புது ஆட்கள். சான்றிதழ் கேட்பார்கள், முகவரி கேட்பார்கள், அஞ்சலை பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு கோப்பில் எல்லா நகல்களையும் வரிசையாக அடுக்கினேன். சட்டப் பிரிவைத் தனித் தாளில் எழுதி மேலே வைத்தேன். அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலிருந்து தயாராக உட்கார்ந்திருந்தேன். பத்து மணி தாண்டியும் அழைப்பு வராததால் நானே அஞ்சலையின் எண்ணுக்குப் பேசினேன். பவித்ரா எடுத்தாள்.

“எத்தன மணிக்கும்மா ஸ்கூலுக்கு வரணும்? நான் ரெடியா இருக்கேன்.”

“நேத்தே சேந்துட்டேன் மிஸ்.”

“நேத்தேவா? யார் கூட வந்தாங்க?”

“அம்மாதான் வந்துச்சு. சேர்ல குந்தி, கையெழுத்து போட்டுச்சு. எங்க கீறீங்கன்னு கேட்டாங்க. அம்மா சொல்லிச்சு. அவங்க எழுதிகினாங்க. வேற ஒண்ணும் கேக்கல.” ஒரு நொடி கழித்து, “காமர்ஸ் எடுத்துகீறேன் மிஸ். நஸ்ரினும்தான்” என்றாள்.

மடியில் கோப்பு இருந்தது. “ரொம்ப சந்தோஷம்மா” என்றேன். பிறகு, பழக்கம் விடாமல், “வேற ஏதாவது வேணுமா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேணாம் மிஸ்” என்றாள். அந்தப் பக்கம் அஞ்சலை ஏதோ சொல்வதும், யாரோ சிரிப்பதும் கேட்டது. “நீங்க சாப்டீங்களா?”

என் பதிவேட்டில் இருந்த பிள்ளைகள் யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. காலையிலிருந்து நான் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“இன்னும் இல்லம்மா” என்றேன்.

“மொதல்ல போய் சாப்டுங்க மிஸ்” என்றாள் பவித்ரா. “அப்பால பேசலாம்.”